சீமைக் கல்வியும் இல்லாளின் உடன்செலவும்

கல்வியின் பொருட்டு இல்லாளைப் பிரிந்து சேறலை நம் முன்னோர் ஓதற்பிரிவு என்று வழங்கினர். தொல்காப்பியனார் அப்பிரிவுக்கு ஓர் எல்லையும் வகுத்தனர். மூன்றாண்டுக்கு மேற்படலாகாது என்பது அவர் விதி. கடல்வழிச் செலவு பெண்டிரோடு கூடியதன்று என்னும் விதியும் அவர் நூலிலே காணப்படும். அவ்விதி எவ்வகைப் பிரிவைக் கருதி எழுந்தது என்பதில் உரையாசிரியர்கள் தம்முள் மாறுபடுவர்; அவ்வழக்கினுள் யாம் ஈண்டுப் புகுகின்றிலம். செலவு என்னும் சொல் அந்நாளிற் பயணத்தைக் குறித்தது. இந்நாளிற் பணம் அழிதலைக் குறிக்கின்றது. மனைவியுடன் மேனாடு சென்று படிக்க எண்ணுவோர்க்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துதல் காண்க.

கொங்கு நாட்டிலே இன்று இது ஏட்டிற் கிடக்கும் இலக்கணமாக இல்லை. கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல் ஜில்லாக்களில் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் அன்றாடம் எழும் வினாவாகவே இருக்கின்றது. மணமான பிள்ளைக்கு மாணவர் விசாக் கிடைத்தது என்ற செய்தி வந்த அன்றைக்கே, மருமகளை உடன் அனுப்புவதோ இங்கு நிறுத்துவதோ என்ற பேச்சுத் தொடங்கிவிடும். மாமியார் ஒன்று கூறுவர், பெண்ணைப் பெற்றோர் மற்றொன்று கருதுவர், பிள்ளை வாய்திறவான், போகவேண்டியவளோ இருக்கவேண்டியவளோ ஆகிய அம்மருமகளை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஆதலின் இவ்விஷயத்தில் நம் நாட்டார் முன்னர் நடந்துகொண்ட வகையைச் சரித்திர முறையில் ஆராய்ந்து, சங்கத்துச் சகோதர சகோதரிகளின் முன் வைக்க விழைகின்றோம்.

முதற்கண் அறியத்தக்கது ஒன்றுண்டு. 1914-ஆம் ஆண்டில் ஐரோப்பிய மகாயுத்தம் மூளுமுன் இந்தியர் ஒருவர் இங்கிலாந்து செல்வதற்குக் கடவுச்சீட்டும் வேண்டியதில்லை, விசாவும் வேண்டியதில்லை. பிரிட்டிஷ் பிரஜை என்ற பெயரும் கப்பற் கட்டணமும் உடையவர் எவரும் கரையேறலாம். மனைவியையும் மக்களையும் உடன் கொண்டு செல்லலாம். அங்கே தடுத்து வினவுவார் இலர். தடுத்தவரெல்லாம் இங்கே இருந்தனர். 1888-இல் மோகனதாஸ் கரம்சந்த் காந்தி சட்டம் பயிலப் புறப்பட்டபோது பம்பாயிலிருந்த அவருடைய மோட் பனியா ஜாதியார் கூட்டங்கூட்டி அவரை விலக்கிவைத்தனர். அவருக்கு உதவுவோர்க்கும் துறைமுகம் வரை சென்று வழியனுப்புவோர்க்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்றும் விதித்தனர். கஸ்தூரிபாயும் பிறந்து சில மாதங்களேயான ஆண்மகவும் ராஜகோட்டையில் நின்றுவிட்டனர். லண்டனில் தாம் மணமாகாதவர் போல நடந்துகொண்டதை அவரே பிற்காலத்துத் தம் சுயசரிதையிற் கூறியிருக்கின்றார். அந்நாளில் அங்கே படித்த இந்திய இளைஞர் பலரும் அவ்வாறே நடித்தனர் என்றும் அதிற் காணலாம். மனைவியை ஊரில் விட்டுச் சென்றோர்க்கு இவ்வாறு மனைவி என ஒருத்தி உண்டென்பதே மறைக்கவேண்டிய செய்தியாகிவிட்டது. ஜாதிச் சங்கத்தின் ஏட்டில் இதனை எழுதுங்கால், அந்நாளைய ஜாதிக் கூட்டங்கள் செய்ததனை மறைத்தல் முறையன்று.

இனி, நம் கொங்கு நாட்டுக்கு வருவோம். யுத்த காலத்தில் இங்கிலாந்திலே ஒரே சமயத்தில் இருந்த இருவர் சரித்திரத்தை அருகருகே வைத்து நோக்குதல் பயன் தரும். ஒருவர் கும்பகோணத்தில் வளர்ந்தவராயினும் ஈரோட்டில் 1887-இல் தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் பிறந்த கணித மேதை சீனிவாச ராமானுஜன். மற்றவர் திருச்செங்கோட்டையடுத்த குமாரமங்கலம் ஜமீனில் 1889-இல் பிறந்த டாக்டர் ப. சுப்பராயன். முன்னவர் பிராமணர், பின்னவர் கொங்கு வேளாளர். முன்னவர் துறைமுக ஆபீஸில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கெழுதியவர், பின்னவர் ஜமீன்தார். இருவரும் மணமானவர். ஒருவர் மனைவியை விட்டுச் சென்றார்; மற்றவர் மனைவியோடு வாழ்ந்தார்.

ராமானுஜன் 1909-இல் மணந்தபோது ஜானகிக்கு வயது 10. 1914-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் தேதி அவர் சென்னையில் நெவாஸா என்னுங் கப்பலில் ஏறினார். அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே தாயாரையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார்; குடுமி களைந்து மேனாட்டுடை தரித்த தம் கோலத்தை அவர்கள் கண்டு வருந்தலாகாது என்று கருதினர் என்பர். ஜானகிக்கு அப்போது 15 வயது நிரம்புந் தறுவாய். சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு ஆண்டொன்றுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. கேம்பிரிட்ஜில் டிரினிடிக் கல்லூரி 60 பவுன் உதவியது. அந்த 250 பவுனில் 50 பவுன் இந்தியாவிலிருந்த குடும்பத்தின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டது. இவ்வொதுக்கீட்டை ஊன்றி நோக்குக. பணம் அளித்தோர் அவருக்குக் குடும்பம் உண்டென்பதை மறந்தவரல்லர். ஆயினும் அக்குடும்பம் ஊரிலே இருப்பது என்பதனை ஐயமின்றிக் கொண்டனர். மனைவிக்கு ஒரு கப்பற் சீட்டு என்ற எண்ணம் எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

பின்னர் நிகழ்ந்தது தமிழுலகம் அறிந்ததே. மரக்கறி உணவினராகிய அவர் தம் கையாலேயே சமைத்துண்டார். நள்ளிரவு வரை கணக்கில் மூழ்கி, உணவை மறந்த நாட்களும் உண்டு. யுத்தத்தினால் காய்கறிகளும் பிற பண்டங்களும் அருகின. 1917-இல் நோயுற்று மருத்துவ விடுதி புகுந்தார். 1918-இல் மனமொடிந்து தம் உயிரையே வெறுக்கும் நிலையையும் எய்தினார். இங்கோ மாமியார்க்கும் மருமகளுக்கும் ஒவ்வாமை முற்றியது. ஜானகியின் கடிதங்கள் கணவர்க்குச் சேராமலும் கணவரின் கடிதங்கள் ஜானகியின் கைக்கு வாராமலும் தாயார் கோமளத்தம்மாள் தடுத்தனர் என்று அவர் சரித்திரத்தை எழுதினோர் கூறுவர். கராச்சியிலிருந்த தமையனார் மணத்துக்கெனச் சென்ற ஜானகி, கணவர் திரும்பும் வரை மாமியார் இல்லம் புகவில்லை. அவர் நோய்க்குத் தனிமையே காரணம் என்று கூற யாம் துணியோம். அக்காலத்து வைத்தியர் க்ஷயம் எனக் கருதினர். ஈரலை அமீபாக் கிருமி பற்றிய நோயாதல் கூடும் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் கருத்து. ஆயினும் வேளைக்கு உண்ணச் செய்வார் ஒருவரும் அருகில் இல்லை என்பது மட்டும் மறுக்கவொண்ணாதது. ஓதற்பிரிவின் மூன்றாண்டு எல்லை இங்கே ஐந்தாண்டாயிற்று.

1919 மார்ச்சில் தாயகம் மீண்ட ராமானுஜன் அவ்வாண்டுக் கோடையில் நம் கொங்கு நாட்டுக் கொடுமுடியில் வந்து தங்கினார் என்பது நம்மவருட் பலர் அறியாத செய்தி. தெற்கு நோக்கி வரும் காவேரி கிழக்கே திரும்பும் அவ்விடத்தில், ஆவணி அவிட்டத்தன்று ஆற்றுக்குச் செல்லுங்கால் ஜானகியும் உடன்வர விரும்ப, தாயார் தடுத்தனராம். அவள் வரட்டும் என்று மைந்தர் கூறினராம். தாய் சொல்லைக் கடந்து மனைவியை உடனழைத்த முதல் நிகழ்ச்சி அதுவே என்பர். கடலுக்கு அப்பால் உடன்செல்லாத மனைவி, கொடுமுடித் துறை வரையில் உடன்சென்றார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி ராமானுஜன் 32-ஆம் வயதில் மறைந்தார். ஜானகியம்மாள் தையற்றொழில் பயின்று, சென்னைத் திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்து, 1994-இல் காலமானார்.

சுப்பராயனுடைய வரலாறு வேறு. சென்னை இராஜதானிக் கல்லூரியிற் பயின்ற அவர் ஆக்ஸ்போர்டில் வாட்ஹாம் கல்லூரியிற் சேர்ந்து படித்தவர். 1912-இல் அவர் மணந்த ராதாபாய், மங்களூரில் ஒடுக்கப்பட்டோர் உயர்வுக்குப் பாடுபட்ட குத்முல் ரங்கராவ் அவர்களின் புதல்வியார். சாரஸ்வத பிராமண குலத்தினர். தாமும் சென்னை இராஜதானிக் கல்லூரியிற் படித்தவர். கொங்கு வேளாள ஜமீன்தாரொருவர் அக்காலத்தில் வேற்றுக் குலத்துப் படித்த பெண்ணை மணந்தது எத்துணைப் பேச்சுக்கு இடமாயிருக்கும் என்பதை நம் பெரியோர் எளிதில் ஊகிப்பர். ராதாபாயும் ஆக்ஸ்போர்டில் மகளிர்க்குரிய சாமர்வில் கல்லூரியில் மேற்படிப்புப் படித்தார். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டமளிக்கத் தொடங்கியது 1920-இல் தான். அதற்கு முன்னர்ப் பெண்கள் பாடங் கேட்கலாம், பரீட்சை எழுதலாம், பட்டம் மட்டும் இல்லை.

இவர்தம் மூத்த மகன் பரமசிவ பிரபாகர் 1913-இல் பிறந்தார்; 1966-இல் இந்தியத் தரைப்படைத் தலைவராக உயர்ந்தவர் அவரே. மோகன் குமாரமங்கலம் பிறந்தது 1916-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் தேதி, லண்டன் நகரில். அக்காலத்துக் கடற்பயணம் எத்தன்மைத்து என்பதை அறிதற்கு ஒன்று கூறுவோம்: 1915 டிசம்பர் 30-இல் இந்தியா நோக்கி வந்த பெர்ஷியா என்னும் பிரயாணிக் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று மத்தியதரைக் கடலில் தகர்த்தது, 300-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வச்சம் நிறைந்த நாட்களிலேயே குமாரமங்கலத்துக் குடும்பத்தில் ஒரு குழந்தை தேம்ஸ் நதிக்கரை நகரிற் பிறந்தது. அதே மாதங்களில் ஈரோட்டிற் பிறந்தவர் கேம்பிரிட்ஜ் அறையொன்றிலே தனியே சமைத்துக்கொண்டிருந்தார்.

இவ்விருவர்க்கும் உள்ள வேற்றுமை ஜமீன் பணத்தால் வந்தது என்று கூறின் அது பெரும்பகுதி மெய்யே. அதனை மறைத்து, மனமிருந்தால் எவரும் மனைவியை அழைத்துச் செல்லலாமே என்று உபதேசித்தல் ஏழைகளை எள்ளுவதாகும். ஆயினும் பணம் ஒன்றே காரணமாயின், பொருள் படைத்த இல்லங்களிலிருந்து சீமை சென்ற மற்றையோரும் மனைவியரை அழைத்துச் சென்றிருத்தல் வேண்டும். பெரும்பாலோர் அங்ஙனஞ் செய்திலர். ராதாபாய் உடன்சென்றது கணவர்க்குச் சோறாக்கவன்று; ஆக்ஸ்போர்டில் அவருக்கும் படிக்க ஓர் இடம் இருந்தது. இதனையே யாம் இக்கட்டுரையில் முதன்மையாகக் கருதுகின்றோம். 1930 நவம்பரில் லண்டனிற் கூடிய முதல் வட்டமேஜை மகாநாட்டுக்கு இந்தியாவினின்று அழைக்கப்பட்ட பெண்மணிகள் இருவரே. ஒருவர் பேகம் ஷா நவாஸ். மற்றவர் திருச்செங்கோட்டு மருமகளாகிய ராதாபாய் சுப்பராயன். வாக்குரிமையை ஆராய 1932-இல் லோதியன் பிரபுவின் தலைமையில் அமைந்த கமிட்டியிலும் அவர் அங்கத்தினர். அவர் புதல்வி பார்வதி கிருஷ்ணன் ஆக்ஸ்போர்டிற் படித்துத் திரும்பி, நம் கோயமுத்தூர்த் தொகுதிக்கே 1957-இலும் பின்னர் 1974, 1977 ஆண்டுகளிலும் பாராளுமன்ற அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

முறை மாறிய வழியும் உண்டு. மகாராஷ்டிரத்து ஆனந்திபாய் ஜோஷி 1883-இல் கணவரை இங்கு விட்டுத் தாம் தனியே அமெரிக்கா சென்று பிலடெல்பியாவில் வைத்தியம் பயின்றார். 1886-இல் பட்டம் பெற்றார். கணவர் பின்னரே அங்குச் சென்று சேர்ந்தார். மனைவி படிக்கக் கணவன் உடன்செல்லுதல் என்பதை நம் இல்லங்களில் இன்னும் பேசவும் கூசுகின்றனர். சட்டமோ அவ்வேற்றுமை பாராட்டுவதில்லை.

சட்டத்தின் கதை இனிமேலதுதான். யுத்தத்தின்பின் கடவுச்சீட்டு நிலைபெற்றது. கணவன் சீட்டிலேயே மனைவியின் பெயரையும் சேர்த்தெழுதும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்கா 1917-இல் ஆசியரை விலக்கும் எல்லையொன்றை வகுத்து இந்தியாவை அதனுட் படுத்தியது. ஆயினும் மாணவர்க்கும் அவர்தம் மனைவி மக்களுக்கும் விலக்கு அளித்தது. 1924-இல் இயற்றிய சட்டம் இதனினும் கடியது. பேராசிரியர்க்கும் மதகுருவுக்கும் மனைவி மக்களை உடன் கொள்ள இடந்தந்த அச்சட்டம், மாணவனைப் பற்றிய பிரிவில் மனைவி என்ற சொல்லையே எழுதாது விட்டது. கற்பிப்போன் இல்லறத்தான், கற்போன் பிரமசாரி என்று நம் பழைய ஆசிரம தருமத்தை அமெரிக்கச் சட்டசபையார் தாமும் பின்பற்றினர் போலும்! 1952-இல் வந்த சட்டம் மாணவர்க்கெனத் தனி விசா வகுத்தும் மனைவிக்கு இடம் வகுக்கவில்லை. 1961-இல் செய்த திருத்தத்தின் பின்னரே மாணவரின் கணவன் அல்லது மனைவிக்கும் மக்களுக்கும் தனி வகை விசா ஏற்பட்டது. அவ்விசாவில் செல்வோர் அங்கே ஊதியத்துக்கு வேலை செய்தல் கூடாது. 2015 முதல் பகுதிநேரப் படிப்புக்கு மட்டும் அனுமதி உண்டு. முழுநேரம் படிக்க வேண்டின் தாமும் மாணவர் விசாப் பெறவேண்டும்.

இங்கிலாந்தின் நடை வேறு. 1962 வரை காமன்வெல்த் நாட்டினர்க்கு அங்கே வாயில் திறந்தேயிருந்தது. அவ்வாண்டுச் சட்டத்தால் கட்டுப்பாடு பிறந்தது. அதன் பின்னும் மாணவர் மனைவியரை அழைத்துச் செல்லும் உரிமை நெடுங்காலம் தடையின்றி நிலவியது. 2019-இல் ஏறத்தாழ 16,000 ஆயிருந்த மாணவர் குடும்பத்தார் விசாக்கள் 2022-இல் 1,36,000 அளவுக்குப் பெருகின. அதுகண்டு அந்நாட்டு அரசினர் 2023 மே மாதத்தில் அறிவித்து, 2024 ஜனவரி முதல் தேதிக்குப் பின் தொடங்கும் படிப்புகளுக்கு அவ்வுரிமையைச் சுருக்கினர். டாக்டர் பட்டத்துக்கோ ஆராய்ச்சி வழிப்பட்ட மேற்பட்டத்துக்கோ படிப்போரும், அரசாங்க உபகாரச் சம்பளம் பெறுவோரும் மட்டுமே இனி மனைவியை அழைத்துச் செல்லலாம். நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் சேர்வது ஓராண்டு எம்.எஸ்ஸி., எம்.பி.ஏ. வகுப்புகளிலே, அவர்க்கு அவ்வாயில் அடைபட்டுவிட்டது.

இப்புது விதியை அப்பழைய இருவர்க்கும் பொருத்திப் பார்த்தல் வேடிக்கையாயிருக்கும். ஜமீன்தார் சுப்பராயன் எம்.ஏ. வகுப்பு மாணவர் என்ற நிலையில் இன்று செல்வாராயின் ராதாபாயை உடனழைக்க இயலாது. ராதாபாய் தாமே மாணவியாகத் தனி விசாப் பெற்றே செல்லவேண்டும். ராமானுஜனோ ஆராய்ச்சி மாணவர். 1916-இல் அவர் பெற்ற பட்டமும் ஆராய்ச்சியின் பேரில் அளித்ததே. ஆதலின் அவர் மனைவியை அழைக்கலாம். ஜானகிக்கு 18 வயது நிரம்பவேண்டும் என்ற ஒரு தடையே உண்டு. அதுவும் 1917 மார்ச்சில் நீங்கியிருக்கும். அவர் மருத்துவ விடுதி புகுந்ததும் அவ்வாண்டிலேயே. கோமளத்தம்மாள் இசைந்திருப்பாரோ என்பதற்கு மட்டும் எந்நாட்டு விதியிலும் விடையில்லை.

கானடாவில் வேறொரு முறை. அங்கே மாணவரின் மனைவி அல்லது கணவன் விருப்பம்போல் வேலை செய்யும் அனுமதி பெறுவது பல்லாண்டுகள் எளிதாயிருந்தது. 2025 ஜனவரி 21 முதல், 16 மாதத்துக்குக் குறையாத எம்.ஏ. தரத்துப் படிப்பிலோ டாக்டர் பட்டப் படிப்பிலோ குறித்த சில தொழிற் படிப்புகளிலோ உள்ள மாணவரின் துணைவர்க்கே அவ்வனுமதி உரியதாயிற்று. டிப்ளமோப் படிப்பில் மகனைச் சேர்த்து, மருமகள் வேலை செய்து கட்டணத்தைச் சரிக்கட்டுவாள் என்று கணக்கிட்டு நிலத்தை அடகு வைத்தல் இனிப் பொருந்தாது. இடைத்தரகர் சிலர் பழைய விதியையே இன்னும் சொல்லித் திரிவர் என்பதால் இதனை அழுத்திக் கூறுகின்றோம்.

இவ்விதிகளிலெல்லாம் மனைவிக்கு இடும் பெயர் சார்ந்தோர் என்பது. கோயமுத்தூர் வேளாண்மைக் கலாசாலையிலோ பொறியியற் கல்லூரிகளிலோ பட்டம் பெற்ற பெண், அமெரிக்காவில் ஓர் அடுக்குமாடி அறையில் வேலையுமின்றி, முழுநேரப் படிப்புமின்றி, கணவன் வகுப்பு முடிந்து வரும் வரை சாளரத்தை நோக்கியிருப்பாள். ஊரில் மாமியார் வீட்டில் நிற்பவளுக்கோ ஜானகியின் கதி. இன்று கைப்பேசி உண்மையால் கடிதத்தை மறைப்பார் இலர்; எனினும் பிரிவின் கைப்பு அதனால் முற்றும் தீர்வதில்லை. இருவழியும் இடர்ப்பாடு உடைமையின், பிள்ளையின் சேர்க்கைக் கடிதத்தைப் பார்க்கும்போதே மருமகளின் பட்டச் சான்றையும் எடுத்துப் பார்த்தல் வேண்டும். அவளும் தன் பேரில் ஒரு படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா? இருவர் கட்டணமும் ஒருசேரத் தாளாதெனின், முதலில் எவர் செல்வது நலம்? அவள் படிக்க அவன் உடன்செல்லுதல் இயலுமா? இவ்வினாக்களை அவளையும் முன்வைத்துக்கொண்டு ஆராய்தல் வேண்டும்.

மேலே கூறிய விதிகளுட் சில இரண்டாண்டுக்குள்ளேயே இருமுறை மாறியவை. ஆவணி, புரட்டாசியில் தொடங்கும் வகுப்புக்குச் செல்லவிருக்கும் பிள்ளைகளின் வீட்டார், கட்டணத்தின் முதற்றவணையைச் செலுத்துமுன் அவ்வந்நாட்டு அரசாங்கத்தார் வெளியிட்டிருக்கும் அறிவிப்பைத் தாமே படித்துக்கொள்ளுதல் வேண்டும். தரகர் எழுதிக் கொடுக்கும் தாள் அதற்கு ஈடாகாது. மணம் பேசும்போதே பிள்ளை வீட்டார் இப்படிப்பு எவ்வகையைச் சேர்ந்தது, பெண் உடன்செல்லக் கூடுமா, சென்றால் அங்கே அவளுக்கு என்ன உரிமை என்பனவற்றைப் பெண்ணிடத்தும் அவள் பெற்றோரிடத்தும் வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் முறை. நகையும் நிலமும் வினவுவது போல இதனையும் வினவப் பெண் வீட்டார்க்கு உரிமையுண்டு.